எல்லாவற்றுக்கும் ஒரு கட்

கத்தியை எடுப்பதற்கு முன் துணியடுக்கின் ஓரத்தை உள்ளங்கையால் அங்கங்கே தட்டிப் பார்ப்பார் மாஸ்டர், பெண் பார்க்க வந்த இடத்தில் சுவரைத் தட்டிப் பார்க்கும் சம்பந்தி மாதிரி. பிறகு இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, மின்கத்தியை நிமிர்த்திப் பிடித்து அறிவிப்பார்: "கட் பண்ணப் போறேன். எவனும் மேசையில சாயாதே!" ஒருவரும் சாய்ந்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்வார்.

தையல் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் வாயில் 'கட்' புழங்குவதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். துணிக்கு மட்டும் அதைச் செலவழித்தால் அதிசயமில்லைதான். குழாய் வறண்டால் தண்ணி கட். மின்விசிறி நின்றால் கரண்ட் கட். டாக்டர் சர்க்கரையைக் கட் பண்ணச் சொல்லியிருப்பதால் டீயில் ஒரு ஸ்பூனைக் கட் பண்ணிவிட்டு, பிஸ்கட்டில் வட்டியோடு வசூலித்துக்கொள்கிறார். சந்துக்குள் புகுந்து, நாய் துரத்தி, ஊரைச் சுற்றி வந்து சேர்வதற்குப் பெயர் ஷார்ட் கட். மகள் கல்லூரியைக் கட் அடித்தாள் என்று தகவல் வந்தபோது, "எந்தக் கிளாஸை?" என்று கேட்டார். கணக்கு என்றார்கள். "அப்ப சரி" என்று போனைக் கட் பண்ணிவிட்டார்.

"இங்கிலீஷ்ல எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்யா. ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கேன், ஆனா தினமும் தீட்டி வச்சிருக்கேன்."

மனிதர்களையும் கட் பண்ணுவார். பழைய சட்டையைப் பார்த்து 'புதுசா?' என்று கேட்ட மாடிவீட்டுக்காரர் கட். மீசையில் ஒரு பக்கம் கூடுதலாக எடுத்துவிட்ட முடிதிருத்துகிறவர் கட். அந்த வரிசையில் எல்லாருக்கும் மூத்தவன் அவருடைய மச்சினன்.

"என் தம்பி சும்மாதானே சுத்துறான், உங்க கம்பெனியில ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று மனைவி அரித்து அரித்துச் சேர்த்துவிடச் செய்த பிள்ளை. துணியை அடுக்கடுக்காக விரிக்கிற வேலை. சேர்ந்த சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு சட்டையும் தம் கையாலேயே வெட்டிக் கொடுத்தார் மாஸ்டர். போட்டுப் பார்த்தவன் கண்ணாடி முன் நின்று, "மாமா, ஒரு தோள் இறங்கின மாதிரி இருக்கே" என்றான்.

"சட்டை சரியாத்தான் இருக்கு. உன் தோளைக் கொண்டுபோய் யார்கிட்டயாவது காட்டு."

அன்றோடு பேச்சு கட். ஆனால் மேசை ஒன்றுதானே? அவன் ஒரு முனையில் விரிக்க, இவர் மறுமுனையில் வெட்ட, வெட்டிய துண்டுகளுக்கு எண் ஒட்டுகிற நம்பர் அக்கா நடுவில் நின்று தூது போவாள்.

"அக்கா, துணி சுருங்குது, இழுத்து விரிக்கச் சொல்லுங்க."

"தம்பி, இழுத்து விரிக்கணுமாம்."

"விரிச்சாச்சுன்னு சொல்லுங்கக்கா."

"விரிச்சாச்சாம் மாஸ்டர்."

"கேட்டுச்சு, நான் என்ன செவிடா?"

கம்பெனி இப்படியும் ஓடியது. நம்பர் அக்காவுக்குப் பல்வலி வந்து லீவு போட்ட நாள்வரை ஓடியது.

அன்று மேசைக்கு வந்தது ஓட்டல் சிப்பந்திகளுக்கான கோட்டுத் துணி. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். கோட்டுக் கைகளை வெட்டும்போது அத்தகைய துணியை ஓர் அடுக்கின் பளபளப்பு அடுத்ததன் பளபளப்பைப் பார்க்க, மாற்றி மாற்றி விரிக்க வேண்டும். அப்போதுதான் இடக் கையும் வலக் கையும் ஜோடியாக வரும். அதைச் சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்தார். நடுவில் ஆளில்லை. மூடிக்கொண்டார். கேட்கலாமா என்று மச்சினன் நிமிர்ந்தான். மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தனக்குத் தெரிந்தபடி எல்லாவற்றையும் பளபளப்பு மேலாகவே விரித்துவைத்தான். ஓரத்தைத் தட்டிப் பார்த்த மாஸ்டர், உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. கத்தி ஓடியது.

தையல்காரர்கள் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோதுதான் தெரிந்தது, பாதி ஆர்டருக்கு வெட்டிய கை அத்தனையும் இடக் கை.

மேனேஜர் வந்தார். மச்சினனை ஏற்கெனவே எச்சரித்து வைத்திருப்பவர். இன்னொரு தப்பு நடந்தால் வாசல் அந்தப் பக்கம் என்று எல்லார் முன்னாலும் காட்டியும் இருக்கிறார். "விரிச்சது யாரு?" என்று கேட்டுக்கொண்டே அவனைத்தான் பார்த்தார். அவன் தன் இறங்கிய தோளைப் பார்த்தான்.

மாஸ்டருக்கு ஒரு சொல் போதும். 'அவன்தான்' என்றால் அவன் போய்விடுவான், மேசையும் நிம்மதியாகிவிடும். வீட்டில் மனைவி என்ன சொல்வாள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவள் முகம் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததா என்று சொல்வதற்கில்லை. கையுறையைக் கழற்றி, தூசி தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"விரிச்சதை விடுங்க சார். கத்தி என் கையில இருந்துச்சு. புரட்டிப் பார்த்துட்டுல்ல வச்சிருக்கணும்? கட் பண்ணது நான்."

"என்ன மாஸ்டர், இத்தனை வருஷ அனுபவத்துல நீங்களா?"

"நானேதான். மிச்சத் துணி இருக்கு. அதை முழுசும் மங்கல் பக்கம் மேலா விரிச்சு இதே அச்சை வச்சா எல்லாம் வலக் கை. ஜோடி சேர்ந்துரும். துணி சேதாரம் இல்லை."

"துணி தப்பிச்சுது. உங்க இந்த வருஷ இன்க்ரிமென்ட் கட்."

அந்தச் சொல்லைப் பிறர் வாயிலிருந்து வாங்கிப் பழக்கமில்லாததால் மாஸ்டர் கொஞ்ச நேரம் அதை மென்றுகொண்டு நின்றார். மச்சினன் மேசையைச் சுற்றி அருகே வந்து, "மாமா..." என்றான்.

மாஸ்டருக்குக் கட் என்றால் கட். கத்தியின் பிளக்கைச் சரிபார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. மச்சினன் தன் முனைக்குத் திரும்பிப் போய் மிச்சத் துணியை உருட்டிவிட்டு, முதல் அடுக்கை விரிக்கக் கை வைத்தான். எந்தப் பக்கம் மேலே என்பதில் அவன் கை ஒரு நொடி தயங்கியது.

மாஸ்டர் மேசையின் முழு நீளமும் நடந்து அவன் முனைக்கு வந்தார். துணியின் நுனியைத் தூக்கி, மங்கல் பக்கத்தைத் திருப்பி, அவன் கண்ணுக்கு நேரே நன்றாகத் தெரியும்படி பிடித்துக் காட்டினார், தம் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே.