நனைந்த செம்மறிகளுக்குப் பொன்னாடை

பக்கத்து வீட்டை வாங்கினவர் யாரென்று நானும் காணவில்லை, பிள்ளை. மண் தோண்டுகிற இயந்திரத்தை அனுப்பிவிட்டு ஆள் எங்கேயோ இருக்கிறார். ஒரு வீடு நின்ற நிலத்தில் ஐந்து வீடு எழும்பப் போகிறதாம். ஒக்லாந்தில் எங்கள் மாசிப் பக்கமெல்லாம் இப்போது இதுதானே நடக்கிறது, எழும்பட்டும். ஆனால் காலையில் அந்த இயந்திரம் வேலியையும் சாய்த்து, வேலியோரம் நின்ற பிஜோவா மரத்தையும் பிடுங்கி எறிந்தது. நசிந்த காயெல்லாம் மணந்தது பாரும், தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். கொய்யாவையும் அன்னாசியையும் சேர்த்துப் பிசைந்தது போல ஒரு மணம். ஹேமிஷின் மணம் அது.

நீர் இந்தத் தெருவுக்கு வர முந்தி அந்த வீட்டில் இருந்தவன். ஸ்கொட்லாந்துக்காரன். இங்கே பஸ் ஓட்டினான். எனக்கோ எழுத்து வாசிக்கத் தெரியாது. பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருந்தாலும் எல்லாம் ஒன்றுதான். நான் தரிப்பிடத்தில் நிற்பதைக் கண்டால், என் பஸ் என்றால் ஹோர்ன் அடித்து நிறுத்துவான். இல்லையென்றால் தலையை ஆட்டிக்கொண்டு போவான். வேறு ட்றைவர் வருகிற நாட்களில் நான் வெளிக்கிடுவதே இல்லை. அவனுடைய இங்கிலீஷ் எல்லர்ஸ்லியில் ஒஃபிஸில் வேலை செய்கிற என் மகனுக்கே விளங்காது. எனக்கு விளங்கும். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் சரியில்லை, அதனால் ஒத்துப்போயிற்று. என் பேத்தி கூப்பிடுவதைக் கேட்டு அவனும் என்னை அம்மம்மா என்பான். அவனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும்!

பஸ் ஓட்டும்போது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பான். சும்மா பாட்டுக்காரன் என்று நினைத்தேன். ஒருநாள் பேத்தி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மம்மா, ஹி வாஸ் ஃபேமஸ்!" பார்த்தால், பழைய வீடியோவில் கடல் போலச் சனம். நடுவில் தலைமயிர் தோளில் புரள, எலும்பும் தோலுமாக எங்கள் ஹேமிஷ். "ஒருத்தரும் இவனுக்குச் சோறு போடேல்லையோ?" என்றுதான் என் வாயில் வந்தது.

நாலு பேர் அவர்கள். ஏதோ மீன்பிடித் துறைமுகத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். குழுவின் பெயரை மகன் தமிழில் சொன்னான்: நனைந்த செம்மறிகள். எங்கள் ஊரில் பாட்டுக் கோஷ்டி என்றால் பெயரில் ஒரு கானமாவது லயமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட்டின் பெயரை, அதுவும் நனைந்த ஆட்டின் பெயரை யார் வைப்பார்கள்? அவனிடமே கேட்டேன். "எங்கட ஊரில வேற என்ன இருந்தது, அம்மம்மா?" என்றான். அவன் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

முதலில் கலியாண வீடுகளில் பாடினார்களாம். பிறகு பப்புகளில். பிறகு ஒரு ஓட்டை வான் வண்டியில் ஊர் ஊராக. வண்டியில் ஹீற்றர் இல்லை. கிற்றார்ப் பெட்டிகளுக்கு நடுவில் ஒருவனையொருவன் அணைத்துக்கொண்டு படுப்பார்களாம். ஒரு பாட்டுப் பிடித்துக்கொண்டது. லண்டன் ரேடியோவில் அதுதான், அமெரிக்காவில் அதுதான். அடுத்த இசைத்தட்டு ஓடவில்லை, அதற்கடுத்ததைக் கேட்க ஆளில்லை. குடி வந்து குந்திக்கொண்டது. ட்றம்ஸ் அடித்தவன் கலியாணம் கட்டிப் போய்விட்டான். இன்னொருவன் தகப்பனின் படகுக்குத் திரும்பினான். ஹேமிஷும், கிற்றார் வாசிக்கிற ரோரியும்தான் மிச்சம்.

ஜெர்மனியில் ஒரு மேடை. அந்தப் பாட்டு உச்சிக்குப் போகிற இடத்தில் இவனுக்குக் குரல் உடைந்தது. ரோரி அந்த வரியைப் பிடித்துத் தான் பாடி முடித்தான். இவனுக்கு அது தாங்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கி நடந்தவன்தான், நடந்து நடந்து ஒக்லாந்துக்கு வந்து பஸ் ஓட்டினான். ரோரியோடு கதை பேச்சே இல்லை.

"என்ட பாட்டைப் பறிச்சுப்போட்டான், அம்மம்மா."

"பறிக்கேல்லையடா. விழ விடாமப் பிடிச்சவன்."

சொன்னால் கேட்பானா? பிஜோவாக் காயைக் கூடை நிறையத் தந்துவிட்டுப் போய்விடுவான். அதில் நான் ஊறுகாய் போடுவேன். பாண் ரொட்டியில் பூசித் தின்பான், கண்ணால் தண்ணி ஓட ஓட.

பிறகு அவனுக்குக் குரல் கரகரத்தது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்தேன். சளி என்றால் அல்லவோ போகும். ஆஸ்பத்திரியில் கமரா விட்டுப் பார்த்துப் புற்று என்றார்கள். குரல்வளையை எடுக்க வேண்டும். உயிர் தங்கலாம், குரல் தங்காது. சித்திரை வருஷம் பிறந்த கையோடு ஒப்பரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று.

ரோரிக்கு யார் சொன்னார்களோ, விமானம் ஏறி வந்து வாசலில் நின்றான். ஹேமிஷ் கதவைத் திறந்தானாம். போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டானாம். ஆம்பிளைகள்!

அந்தப் பாட்டை ஒரே ஒருமுறை, இரண்டு பேருமாக, ஆட்களுக்கு முன்னால் பாட வேண்டும். அவ்வளவுதான் ஹேமிஷின் ஆசை. ஆனால் பப்பில் மாட்டானாம். தெரிந்தவர்கள் வந்து பாவம் பார்ப்பார்களாம். நான் சொன்னேன்: "எங்கட வருஷப்பிறப்பு விழாவில பாடுங்கோவன். எங்கட சனத்துக்கு உங்களை ஆரெண்டே தெரியாது. ஆர் பாடினாலும் கை தட்டும்." சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டான். மகன்தான் அப்போது எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர். இவர்களைக் கடைசி நிகழ்ச்சியாகப் போட்டான். சிறப்பானதைக் கடைசியில் போடுவதுதானே எங்கள் வழக்கம்.

எங்கள் விழா எப்படி நடக்குமென்று உமக்குத் தெரியாதா, உங்கள் மலேசியாவிலும் இப்படித்தானே? மண்டபம் எங்களுக்குப் பின்னேரம் ஐந்து மணி வரைக்கும்தான். விளக்கேற்ற வேண்டியவர் நகரத்தின் மற்றத் தொங்கலில் இருக்கிற பக்குரங்காவிலிருந்து வந்து சேரவே நேரம் போயிற்று. வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை. சங்கத் தலைவர் ஊரிலிருந்து பொன்னாடைகளை மொத்தமாக எடுப்பித்திருந்தார். எடுப்பித்ததை வைத்து என்ன செய்வது? சமைத்தவருக்கு ஒன்று, கமராக்காரருக்கு ஒன்று, மற்றவர்களுக்குப் போர்த்திவிட்டு நின்றவருக்கே ஒன்று. ஹேமிஷையும் ரோரியையும் மேடைக்கு அழைத்தார்கள். பாடத்தான் கூப்பிடுகிறார்களென்று கிற்றாரையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பாவங்கள். போர்த்தி, படமெடுத்து, இறக்கிவிட்டார்கள். பிறகு தலைவர், ஸ்கொட்லாந்துக் குழலும் எங்கள் நாதஸ்வரமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

அடுத்து மண்டபத்தை எடுத்திருந்த ஸும்பா உடற்பயிற்சிப் பெண்கள் தண்ணிப் போத்தல்களோடு வாசலில் நின்றார்கள். காவல்காரர் கதவுத் திறப்புக் கொத்தைக் கிலுகிலுவென்று ஆட்டினார். மகன் ஓடிவந்து, "ஸொறி ஹேமிஷ், நேரம் முடிஞ்சுது. அடுத்த வருஷம் முதல் நிகழ்ச்சியே நீங்கள்தான்," என்றான். அடுத்த வருஷம்! ஹேமிஷ் தலையை ஆட்டினான். இது உன் பஸ் இல்லை என்று எனக்கு ஆட்டுவானே, அதே ஆட்டல்.

ரோரிதான் விடவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கிற்றாரை எடுத்தான். எங்கள் சனம் மிச்ச வடையைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தது. தோளில் மஞ்சள் பொன்னாடையோடு இரண்டு நரைத்த செம்மறிகள் பாடத் தொடங்கின.

பாட்டு என்ன சொன்னதென்று எனக்கு விளங்கவில்லை. குரல் மரத்தை அராவினது போல இருந்தது. ஆனாலும் ஏறினான். ஏறி, அந்த உச்சிக்கு வந்து, ஜெர்மனியில் உடைந்த அதே இடத்தில் உடைந்தது.  ரோரி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைப் பிடித்தான். ஹேமிஷ் போகவில்லை, பிள்ளை. அங்கேயே நின்றான். வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, ரோரியின் தோளில் கை வைத்துக்கொண்டு, கடைசி வரி முடியுமட்டும் நின்றான். கை தட்டினது நானும் ஸும்பாவுக்கு வந்த இரண்டு பெண்களும்தான். தலைவர் காரைப் பின்னுக்கு எடுக்க ஹோர்ன் அடித்தார்.

விழா வீடியோ இப்போதும் வீட்டில் இருக்கிறது. தலைவருடைய பேச்சு முழுக்க இருக்கிறது. பாட்டு இல்லை. கமராக்காரர் பொன்னாடையோடு அப்போதே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு கழுத்தில் துளை. அதை மறைக்கப் பொன்னாடையைத்தான் சுற்றிக்கொண்டு திரிந்தான். ரோரி போகும்போது தன்னுடையதையும் விட்டுப் போனான். ஒன்று அவன் கழுத்தில், ஒன்று என் கொடியில். கூப்பிடக் குரல் இல்லையே, வேலியில் தட்டுவான். போனால் பிஜோவாக் கூடை வேலிக்கு மேலால் வரும். காய்க்காலம் முடிந்த பிறகும் கூடை வந்தது, உள்ளே அழுக்குப் பொன்னாடை மட்டும். மெஷினில் போடமாட்டேன், சரிகை போய்விடும். கையால்தான் தோய்த்துக் கொடுப்பேன்.

ஒருமுறை தோய்த்ததை வாங்க அவன் தட்டவில்லை. ஒன்றைச் சுற்றிக்கொண்டே கண்ணை மூடிவிட்டான். மற்றது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது தட்ட வேலியும் இல்லை. தரிப்பிடத்தில் நின்றால் எந்த பஸ்ஸும் எனக்கு ஹோர்ன் அடிப்பதில்லை. நான் இன்னமும் அந்தப் பொன்னாடையைத் தோய்த்து—

ஐயோ, மழை! இந்த ஊர் வானத்தை நம்பேலுமே? பிள்ளை, ஒருக்கா ஓடி வாரும். எங்கட உடுப்புகள் நனைஞ்சால் நனையட்டும், அந்த மஞ்சளை முதல் எடும்.