மீன்காரி கண்ணகையின் மவுத் ஓர்கன்

1936ஆம் ஆண்டு மாரியில் ஆரையம்பதிக் கண்ணகைக்கு வந்த காய்ச்சல் இருபது நாளில் விட்டது. போகும்போது அவளுடைய குரலையும் கொண்டுபோய்விட்டது.

அப்போது அவளுக்கு முப்பத்துநான்கு வயது. புருஷன் நல்லரத்தினம் வாவியில் வலை போடுகிறவன். விடியற்காலையில் தோணி கரைக்கு வந்ததும் மீனைப் பனையோலைக் கடகத்தில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு, பக்கத்து ஊரான காத்தான்குடிக்கு நடந்துபோய் விற்றுவருவது கண்ணகையின் வேலை. பன்னிரண்டு வருஷமாக அவள் நடந்த தெருக்கள் அவை. அங்கே பெண்கள் தெருவில் நின்று மீன் வாங்குவதில்லை. உயர்ந்த கிடுகு வேலிகளுக்குப் பின்னால், வளவின் கடைசியில் இருக்கும் அடுப்படியில் வேலையாய் இருப்பார்கள். தெருமுனையில் குரல் கேட்டால்தான் தட்டை எடுத்துக்கொண்டு வேலி வாசலான கடப்படிக்கு வருவார்கள். கண்ணகையின் குரல் மூன்று வளவு தாண்டிக் கேட்கும். அவளுடைய வியாபாரமே அந்தக் குரல்தான்.

காய்ச்சலுக்குப் பிறகு வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. எதிரே நிற்பவர்களோடு கிசுகிசுத்துப் பேசலாம். கூப்பிட முடியாது. எழுந்து நடக்கத் தொடங்கிய முதல் நாளே கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நான்கு தெருவும் சுற்றினாள். தற்செயலாகக் கடப்படியில் நின்ற இரண்டு பேர்தான் வாங்கினார்கள். பின்னால் வந்த இன்னொரு மீன்காரி இலட்சுமிப்பிள்ளை, "சூடேய்... சூடை மீனேய்..." என்று கூவினாள். கண்ணகை இப்போதுதான் கடந்துவந்த வளவுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வெளியே வந்தார்கள். மிஞ்சிய மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புப் போட்டாள். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

மட்டக்களப்பு டவுனில் டொக்டர் ஒருவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "குரல் இனித் திரும்பி வராதம்மா. நெஞ்சில ஒரு குறையும் இல்ல. மூச்சு நல்லா இருக்கு" என்றார்.

"ஒரு கரைச்சலும் வேணாம். மீனைக் கரையிலேயே ஏவாரிக்கிட்டக் குடுப்பம். நீ வீட்டில இரு" என்றான் நல்லரத்தினம்.

"எண்ட தெருவ நான் விடமாட்டன்" என்று கண்ணகை கிசுகிசுத்தாள். "டொக்டர் என்ன சொன்னவர்? மூச்சு நல்லா இரிக்காம். மூச்சிருந்தா ஏதாவதொண்டை ஊதலாம்தானே."

முதலில் சங்கை எடுத்துப்போனாள். ஆரையம்பதி எல்லையைத் தாண்டுவதற்குள் இரண்டு கிழவர்கள் ஓடிவந்து, "ஆருகா செத்தது?" என்று கேட்டார்கள். சங்கு அன்றோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு விசில் வாங்கினாள். மூன்றாம் நாள் சந்தியில் நின்ற பொலிஸ்காரர் அதைப் பறித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். தட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கடகம் சரிந்து, நடுத்தெருவில் இறால் கொட்டியது.

அப்போதுதான் அவளுக்கு மவுத் ஓர்கன் நினைவு வந்தது. டொக்டரிடம் போய்த் திரும்பிய நாளில், கடைத்தெருவில் முத்தலிப் முதலாளியின் கடை விறாந்தையில் தையல் மெசினுக்குப் பின்னாலிருந்த ஓர் இளைஞன் அதை ஊதிக்கொண்டிருந்தான். சின்னப் பெட்டி. ஒரு கையில்தான் பிடித்திருந்தான். மறுகையால் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கல்லடிப் பாலத்தைக் கடந்து அந்தக் கடைக்கு நடந்தாள். மணிக்கூடு, கண்ணாடி, அரிக்கன் லாம்பு, சென்ட் போத்தல் எல்லாம் விற்கிற கடை. தனக்கு வேண்டியதை அவள் சொன்னதும் முத்தலிப் முதலாளி கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்.

"மகனுக்கா புள்ள?"

"எனக்கு."

முதலாளி ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தார். மேசையில் மூன்று பெட்டிகளை வைத்தார். ஒன்று ஒரு முழத்தில் பாதி நீளம். துவாரங்கள் இரண்டு வரிசையாக இருந்தன. இன்னொன்றின் ஓரத்தில் அமுக்குவதற்கு ஒரு பித்தளைக் குமிழ். மூன்றாவது உள்ளங்கை அளவு, பத்தே துவாரம்.

"தம்பி அஹமட், இஞ்ச வந்து இந்தப் புள்ளைக்கு ஊதிக் காட்டு" என்று விறாந்தைப் பக்கம் கூப்பிட்டார். தையற்காரன் அஹமட் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழுந்து வந்தான்.

நீளமானதை ஊதினான். சத்தம் தண்ணீரில் நெளிவதுபோல் நெளிந்து வந்தது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதுதான் அக்கா இனிமை. உள்ளுக்கு ரெண்டு பித்தளை நாக்கு ஒண்டாப் பேசுது" என்றான்.

கண்ணகை அதை வாங்கி இடது கையில் பிடித்துப் பார்த்தாள். நுனி கனத்துச் சரிந்தது. "மற்றக் கை கடகத்தில இரிக்கும் தம்பி. இது சரிவராது."

குமிழ் வைத்ததற்கும் இரண்டாவது கை தேவைப்பட்டது. அதன் விலையை முதலாளி சொன்னபோது அவள் அதைத் தொடாமலே தள்ளிவைத்தாள். மிஞ்சியது பத்துத் துவாரச் சின்னப் பெட்டி.

"இதிலயும் மூணு சுருதி இரிக்கு" என்று அஹமட் ஒரே மாதிரியான மூன்றை எடுத்து வைத்தான். ஓரத்தில் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இங்கிலீஸ் எழுத்து. "இது கீழ்ச் சுருதி. இது மேல்ச் சுருதி. இது நடு. புதுசாப் படிக்கிற ஆக்கள் எல்லாரும் நடுவைத்தான் எடுப்பாங்க. நானும் அதில்தான் படிச்சன்."

"நான் படிக்க வரல்ல. மீன் விக்க வந்தன்" என்றாள் கண்ணகை. "ஒரு உதவி செய்வியா தம்பி? மூண்டையும் கொண்டுபோய்ச் சந்தைக்கு அங்கால நிண்டு ஊது. நான் இஞ்ச நிண்டு கேக்கிறன்."

அஹமட் முதலாளியைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை முற்பகல், சந்தையில் நல்ல சனம். முதலாளி சிரித்துக்கொண்டு, "போ, போ" என்று கையை வீசினார்.

கண்ணகை கடைப்படியில் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். மாட்டு வண்டிகள், சைக்கிள் மணி, மரக்கறிக்காரரின் கூச்சல். முதலாவது சுருதி அவளுக்குக் கேட்கவே இல்லை. இரண்டாவது, வருவதும் போவதுமாக இருந்தது. மூன்றாவது, கோழிக்குஞ்சைக் கண்ட பருந்து கத்துவதுபோல அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது. அஹமட் திரும்பி வந்ததும், "கடைசியா ஊதினது எது?" என்று கேட்டாள். அவன் மேல்ச் சுருதியைக் காட்டினான்.

"அக்கா, இது வீட்டில இருந்து ஊதினாக் காது வலிக்கும்."

"வீட்டில ஆரு ஊதப் போறா?"

ஆனால் உடனே வாங்கிவிடவில்லை. ஒவ்வொரு துவாரத்தையும் தனித்தனியே ஊதியும் உறிஞ்சியும் காட்டச் சொன்னாள். ஊதினால் ஒரு சத்தம், உறிஞ்சினால் வேறொரு சத்தம். ஏழாவதை உறிஞ்சியபோது உள்ளே ஈ மாட்டிக்கொண்டது போலக் கிர்ரென்றது. "இது வேணாம். இதே எழுத்தில வேறொண்டு தாங்க முதலாளி." முதலாளி அலுமாரிக்குள் துழாவி இன்னொன்றை எடுத்தார். அதில் இருபது சத்தமும் சுத்தமாக வந்தன. கொண்டுபோன காசு மட்டுமட்டாகப் போதுமாக இருந்தது.

பெட்டியைத் துடைத்துக் கொடுக்கும்போது அஹமட் சொன்னான்: "உள்ளுக்குப் பலகை. தண்ணி பட்டா வீங்கிப்போகும். ஊதி முடிஞ்சதும் கையில தட்டி எச்சிலை உதறுங்க. வெத்திலை போட்ட வாயால ஊதினீங்களெண்டா ரெண்டு மாசத்தில நாக்கெல்லாம் அடைச்சிரும்."

கண்ணகை பன்னிரண்டு வயதிலிருந்து வெற்றிலை போடுகிறவள். அவள் அன்றைக்கே அதை விட்டாள். முதல் வாரம் தலை இடித்தது. யாரைக் கண்டாலும் எரிச்சல் வந்தது. ஆனாலும் வெற்றிலைத் தட்டை அவள் மறுபடி தொடவில்லை.

வாவிக்கரையில், கண்டல் மரங்களுக்குப் பின்னால் நின்று ஊதிப் பழகினாள். ஒரு துவாரத்தைத் தனியாக ஊதவே முடியவில்லை. எப்போதும் மூன்று சேர்ந்து சத்தம் போட்டன. நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்று சேர்ந்தால் சத்தம் பெரிதாக இருக்கிறதே, அது நல்லதுதானே என்று அந்த முயற்சியை விட்டாள். ஊதி, உறிஞ்சி, மறுபடி நீளமாக ஊதுவது: இதுவே அவளுடைய கூவல்.

"பொம்பிளை ஒருத்தி தெருவில மவுத் ஓர்கன் ஊதிக்கொண்டு போறதா? ஊர் என்ன சொல்லும்?" என்றான் நல்லரத்தினம்.

"ஊர் சொல்றதைச் சொல்லட்டும். மீன் வித்தாச் சரி."

மீன் முதலில் விற்கவில்லை. சத்தம் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகள். பஞ்சு முட்டாய்க்காரன் என்று நினைத்துச் சில்லறையோடு ஓடிவந்து, கடகத்தைப் பார்த்து அழுதுகொண்டு திரும்பினார்கள். இலட்சுமிப்பிள்ளை கண்ணகைக்குக் கேட்கும்படியாகவே, "கூத்தாடப் போறாவாக்கும்" என்றாள். பள்ளிவாசல் தெருவில் ஒரு பெரியவர் மறித்து, தொழுகை நேரத்தில் இந்தச் சத்தம் ஆகாது என்றார். கண்ணகை ஒப்புக்கொண்டாள். அந்தத் தெருவுக்குள் ஊதுவதில்லை, தெருவின் இரண்டு முனையிலும் மட்டும் ஊதுவது என்று தானே ஒரு முறை வைத்துக்கொண்டாள். ஆனால் நடப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை. தினமும் அதே தெரு, அதே நேரம், அதே மூன்று மூச்சு. பத்தாம் நாள், முன்பு அவளிடம் மீன் வாங்கிவந்த ஹவ்வா உம்மா தட்டோடு கடப்படிக்கு வந்தாள்.

"நீதானா புள்ள? நான் இத்தனை நாளும் ஆரோ பொடியன் ஊதித் திரியிறான் எண்டு நினைச்சன். காய்ச்சலில மவுத்தாப் போயிட்டாய், உயிரோட இல்ல எண்டெல்லோ சொன்னாளுகள்!"

ஹவ்வா உம்மாவின் வாய் வழியாகச் செய்தி வேலிக்கு வேலி தாவியது. ஒரு மாதத்தில் பழைய வாடிக்கை முழுதும் திரும்பிவிட்டது.

சில நாளில் ஹவ்வா உம்மாவே ஒரு குறை சொன்னாள். "என்னகா, கூனிக்கும் இதே ஊதல், திரளிக்கும் இதே ஊதலா? கூனி வாங்க நான் அடுப்பை விட்டுப்போட்டு வரேலா. பெரிய மீனெண்டா வேற மாதிரி ஊது."

கண்ணகை மறுபடி கண்டல் மரங்களுக்குள் போனாள். இந்த முறை ஒற்றைத் துவாரத்தை ஊதக் கற்றுக்கொள்ளாமல் விடுவதில்லை என்று இருந்தாள். உதட்டைக் குவித்துக் குவித்து வாயோரம் புண்ணாகியது. இரண்டு மாதத்தில் திரளிக்கு ஓர் ஊதல், இறாலுக்கும் நண்டுக்கும் ஓர் ஊதல், கூனிக்கும் பொடிமீனுக்கும் ஓர் ஊதல் என்று மூன்று பிறந்தன. காத்தான்குடிப் பெண்கள் அடுப்படியிலிருந்தே அன்றைய கறியைத் தீர்மானித்தார்கள்.

ஒரே ஒரு தடவை அவள் பிழை செய்தாள். மழை நாள், பொடிமீன்தான் கிடந்தது, ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. திரளி ஊதலை ஊதினாள். ஓடிவந்த வாடிக்கைக்காரி கைறுன்னிஸா கடகத்துக்குள் பார்த்தாள்.

"கண்ணகையக்கா, வாயால சொல்ற பொய்யும் இதால ஊதுற பொய்யும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பதினொரு நாள் அவள் மீன் வாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கண்ணகை கடகத்தை இறக்கிவைத்து, கடப்படியிலேயே நின்று, "பிழைதான் தங்கச்சி. இனிமேல் இல்ல" என்றாள். அதற்குப் பிறகு அவளுடைய ஊதல் பொய்த்ததில்லை.

1942 ஏப்ரலில் ஒருநாள் பகலில், கடல் பக்கம் இடி இடித்தது போலத் தொடர்ந்து வெடிச் சத்தம் கேட்டது. ஜப்பான்காரன் குண்டு போட்டுப் பெரிய கப்பலொன்றைத் தாழ்த்திவிட்டான் என்று செய்தி வந்தது. அடுத்தது ஊருக்குள் இறங்குவான் என்றார்கள். அன்று பின்னேரமே தோணி தோணியாகச் சனம் வாவியைக் கடந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போனது. போக இடமில்லாதவர்கள் கடப்பைக் கட்டிவிட்டு உள்ளே இருந்தார்கள். சந்தை இல்லை, மீன்காரர் ஒருவரும் வெளிக்கிடவில்லை. இலட்சுமிப்பிள்ளையும் படுவான்கரைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை நல்லரத்தினம் கரையோரமாக வலை வீசிக் கொஞ்சம் திரளி கொண்டுவந்தான். "சமைச்சுத் தின்னுவம். இண்டைக்கு ஆரு வாங்கப் போறா?" என்றான்.

கண்ணகை கடகத்தைத் துடைத்தாள். "கடப்பைக் கட்டிவிட்டு உள்ளுக்கு இரிக்கிறவங்களுக்கும் பசிக்கும்தானே."

"குண்டு விழுந்தா?"

"விழுந்தா வீட்டிலயும் விழும்."

அவன் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தான். பதினெட்டு வருஷத்தில் அவன் அவளோடு மீன் விற்கப் போனது அந்த ஒருநாள்தான்.

காத்தான்குடித் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மணலில் அவர்களுடைய காலடிச் சத்தம் அவர்களுக்கே கேட்டது. முதல் தெருமுனையில் அவள் நின்றாள். மூச்சை இழுத்துத் திரளி ஊதலை ஊதினாள். சந்தடி இல்லாத ஊரில் அது எங்கெல்லாமோ போனது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஊதினாள்.

எங்கோ ஒரு கடப்பின் கயிறு அவிழும் சத்தம். பிறகு இன்னொன்று. ஹவ்வா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, கண்ணகையைப் பார்த்தாள்.

"உனக்குப் பயமில்லையா புள்ள?"

"இரிக்கு உம்மா. நல்ல திரளி. எத்தனை வேணும்?"

ஹவ்வா உம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்புக் கேட்டுப் பக்கத்து வளவுப் பெண்களும் வந்தார்கள். மூன்று நாளாகப் பருப்பும் தேங்காயுமாகத் தின்ற வாய்கள். அரை மணி நேரத்தில் கடகம் வெறுமையானது. யாரும் உடனே உள்ளே போகவில்லை. வேலியோரம் நின்று, யார் போனது, யார் இருப்பது என்று கதைத்தார்கள். சில பிள்ளைகள் தெருவில் இறங்கி ஓடின. ஹவ்வா உம்மா இருவருக்கும் பாலில்லாத இஞ்சிப் பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொடுத்தாள். அடுத்த வாரத்திலிருந்து படுவான்கரைக்குப் போன சனமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கியது.

யுத்தகாலம் முழுவதும் புது மவுத் ஓர்கன் கடைக்கு வரவில்லை. நான்காம் துவாரத்தின் நாக்கு 1944இல் முறிந்தது. கண்ணகை இறால் ஊதலை ஒரு துவாரம் தள்ளி மாற்றிக்கொண்டாள். பெண்களுக்குப் புது ஊதல் பழக ஒரு கிழமை எடுத்தது. அந்தக் கிழமை முழுவதும் அவள் ஒவ்வொரு கடப்படியிலும் நின்று, "இது இறால், இறால்" என்று தன் காற்றுக் குரலில் சொல்லிச் சொல்லி நடந்தாள்.