சங்கிலி அண்ணன் தட்டிச் சொன்ன எஞ்சின்

சங்கிலி அண்ணனுக்குக் காது கேட்காது என்பது மதுரையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று அவர், இன்னொன்று நான். தெற்கு வெளி வீதிப் பட்டறையில் எட்டு வருஷம் அவர் பக்கத்தில் லேத்து ஓட்டியவன் நான். யார் பேசினாலும் அவர் கண் பேசுகிறவரின் உதட்டில்தான் இருக்கும். மனுஷன் மானத்தை வாங்க வேண்டாம் என்று நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இளவயதில் அவர் ஆலைகளில் பாய்லருக்குள் உட்கார்ந்து, சுவரில் படிந்த உப்பைச் சுத்தியால் தட்டி எடுத்தவர். இரும்புக்குள் இருந்துகொண்டு இரும்பை அடித்தால் காது என்னவாகும்? ஆனால் இரும்பு பேசுகிற பேச்சை அவர் படித்ததும் அங்கேதான். பழைய எஞ்சினுக்கு இன்னும் செலவு செய்யலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டு யார் வந்தாலும், எஞ்சினுக்குள் சுழலும் கனத்த தண்டான கிராங்கைக் கழற்றி உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவார். சின்னச் சுத்தியால் ஒரே தட்டு. நல்ல தண்டு மணி அடித்தாற்போல இழுத்து ஒலிக்கும். விரிசல் விட்ட தண்டு 'தொக்' என்று அடங்கிவிடும். அந்த விரிசல் கண்ணுக்கே தெரியாது. அண்ணன் சொன்னால் பஸ் முதலாளிகள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

முன்பெல்லாம் அவர் தட்டும்போது பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு நிற்கும். பின்னாளில் நான் லேத்தை நிறுத்தப் போனால், "ஓடட்டும்யா, எதுக்கு நிப்பாட்டுற?" என்பார். "இம்புட்டு இரைச்சல்லயும் கேக்குது பாரு, அதுதான்யா காது!" என்று வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். வேறு எவன் காதிலும் விழக்கூடாது என்றுதான் ஓடவிடுகிறார் என்பது எனக்குத் தெரியும். தட்டியதும் தண்டை உள்ளங்கையால் பொத்தி அதிர்வைப் பார்ப்பார். அதுவரை கை அவரை ஏமாற்றவில்லை.

இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் பெட்ரோல் அருகிப்போய் பஸ்களெல்லாம் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்தபோது வாடிப்பட்டி அன்னக்கொடி வந்தாள். புருஷன் விஷக்காய்ச்சலில் போய் ஆறு மாதம். அவன் விட்டுப்போனது இரண்டு பெண் பிள்ளைகள், வாய்க்காலை ஒட்டி ஒரு வயல், மதுரைக்கும் வாடிப்பட்டிக்கும் ஓடி ஓடித் தேய்ந்த ஒரு பஸ். பழைய இரும்புக்கு அப்போது நல்ல விலை. பஸ்ஸை எடைக்குப் போட்டால் வயல் மிஞ்சும். சிலிண்டரைக் குடைந்து புதுப் பிஸ்டன் போடுவதென்றால் வயலை விற்க வேண்டும். புதுக் கிராங்கு எங்கேயும் கிடைக்காது. இருக்கிற தண்டு திடமாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சே.

அண்ணன் தட்டினார். அன்னக்கொடி தண்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவர் கையை எடுத்துவிட்டு, "தண்டு திடமா இருக்கு தாயி. அஞ்சு வருசம் ஓடும்" என்றார்.

"நெசமாவாண்ணே?" என்றாள், அவர் முதுகைப் பார்த்து. இரண்டாம் முறையும் கேட்டாள். அதற்கும் திரும்பாதவர், பிறகு தானாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டினார். லேத்து ஓடிக்கொண்டேதான் இருந்தது. நிறுத்துவதற்கு நான் எட்டிக் கைவைத்தால் போதும். நான் வைக்கவில்லை.

வயல் போயிற்று. சிலிண்டரைக் குடைந்தவன் நான்தான். நாற்பது நாள் பஸ் ஜோராக ஓடியது. அடுத்த நாள் சமயநல்லூர் தாண்டும்போது கிராங்கு இரண்டாக ஒடிந்து எஞ்சினை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. "கரியில ஓட்டுனா வேற என்ன ஆகும்?" என்றார்கள் எல்லோரும். அண்ணனை ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஒடிந்த துண்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். ஒடிந்த முகத்தில் பாதி வெள்ளி போலப் பளபளத்தது. அது புது முறிவு. மீதிப் பாதி எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. அந்த விரிசல் பல மாதப் பழசு. அண்ணன் அதை வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஜேசு, வாடிப்பட்டிக்கு வாரியா? நான் அந்தத் தாயிகிட்டச் சொல்லிப்புடணும்" என்றார்.

அன்னக்கொடி வீட்டில் இல்லை. வயலில் இருந்தாள். அவளுடைய பழைய வயல்தான். வாங்கியவனிடம் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வரப்பில் நின்று, கொண்டுபோயிருந்த ஒடிந்த தண்டின் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தாயி, எனக்குக் காது கேக்காது. அஞ்சாறு வருசமாவே கேக்காது. கேக்காமத்தான் உன்கிட்டச் சொன்னேன். உன் பிள்ளைக வாயில மண்ணைப் போட்டுட்டேன்."

அவள் நிமிரவில்லை. நட்டுக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னாள்: "தெரியும்ண்ணே. ரெண்டு தடவை கேட்டேன், நீங்க திரும்பலை. நான் பக்கத்துலதான நின்னேன்? போன தடவை எங்க வீட்டுக்காரவுககூட வந்தப்ப மணி மாதிரிக் கேட்ட தண்டு, அன்னைக்கு தொக்குன்னுச்சு. எனக்கே கேட்டுச்சு. ஆனா நீங்க ஓடும்னு சொன்னீக. அவுக பேரு எழுதுன பஸ்ஸை எடைக்குப் போட எனக்கு மனசு வரலை. அதான் வாயைத் திறக்கலை."

அண்ணன் என் உதட்டைப் பார்த்தார். "என்னப்பா சொல்லுது? வையுதா?"

அவர் காதோடு வாயை வைத்து மெல்லச் சொல்லிப் பார்த்தேன். விழவில்லை. சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன், கையைக் காட்டினேன்; கண்ணில் நீர் முட்டியிருந்தவருக்கு இரண்டும் பிடிபடவில்லை. "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். வேறு வழியில்லாமல் அவர் காதுக்குள் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அன்னைக்கே இந்தத் தாயிக்குக் கேட்டுச்சாம்ண்ணே! தண்டு விரிசல்னு தெரிஞ்சுதான் வயலை வித்தாகளாம்!"

வயலில் இருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். பிறகு அன்னக்கொடியைப் பார்த்தார்கள். அவள் ஒருத்திதான் குனிந்தே இருந்தாள். அடுத்த நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றினாள். அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தன் அழுகை எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வயல்காரன் அதட்டியதும் பெண்கள் மறுபடி குனிந்துகொண்டார்கள்.