இடுப்பை விட்டு இறங்கிய பிள்ளை

பார்வையில்லாத பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப்போய்ப் பெற்றவர்களுக்குத் துணையிருப்பதுதான் ரெங்கம்மாளின் வேலை. பெரம்பலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பன்னிரண்டு வருஷம் அதைப் பார்த்தாள். கெட்டிக்காரிதான், ஆனால் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள். அந்த வாய்க்கு முதல் பூட்டு விழுந்தது 2001-இல், செட்டிகுளத்தில்.

அங்கே பாக்யலட்சுமியின் மகள் வெற்றிச்செல்விக்கு மூன்றரை வயது. கண் நரம்பிலேயே கோளாறு, ஆபரேஷனால் பயனில்லை என்று திருச்சியில் சொல்லி இருபது நாள் ஆகியிருந்தது. பிள்ளைக்குக் கால் இரண்டும் நல்ல கால்தான். ஆனாலும் நடக்கவில்லை. எதிலாவது முட்டிக்கொள்ளுமே என்று பயந்து தாய் இடுப்பைவிட்டு இறக்கியதே இல்லை. இன்னும் இப்படியே போனால் பிள்ளை நடக்கப் பழகுவது பெரும்பாடாகிவிடும்.

ரெங்கம்மாள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போய் உட்கார்ந்தாள். பெருமூச்சு விட்டாள். "மனசத் தேத்திக்கங்கம்மா, நம்ம கையில என்ன இருக்கு" என்று ஆரம்பித்தாள்.

பாக்யலட்சுமி பிஸ்கட்டை அவள் கையிலேயே திணித்தாள். "எம் புள்ள உசுரோடதான் இருக்கு. எழவு கேக்கறதுக்கு வேற வூடு பாருங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

பிள்ளையின் அப்பா முருகையன் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்தார். "கோச்சுக்காதீங்க. திருச்சியிலேருந்து வந்த நாளா ஊர் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து கட்டிப்புடிச்சு ஒப்பாரி வைக்கிறாங்க. இவ யாரையும் உள்ள வுடுறதில்ல" என்றார். ரெங்கம்மாளுக்கு வெட்கமாகப் போயிற்று. சாவு வீட்டு வார்த்தையைத்தானே அவளும் கொண்டுபோயிருந்தாள்!

அடுத்த வாரம் வெறுங்கையோடு போனாள். வாசலில் குவித்திருந்த சின்ன வெங்காயத்தின் தாளைப் பாக்யலட்சுமி அறுத்துக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாளும் ஓர் அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணைப் பற்றிப் பேசவில்லை. பாப்பா எதுக்குச் சிரிப்பாள், யார் குரலுக்குத் திரும்புவாள் என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு வாயை அடக்குவது வெங்காயத்தைவிட எரிச்சலாக இருந்தது. ஐந்தாவது முறை போனபோது பாக்யலட்சுமியே கேட்டாள்.

"இவ நடப்பாளாக்கா?"

"நடப்பா பாக்கியம். நீ எறக்கி வுடணும்."

மூன்று வாரம் அப்பாவின் விரலைப் பிடித்தபடி பிள்ளை நடந்து பழகினாள். பிறகு ஒரு நாள் வாசலைச் சுத்தமாக ஒதுக்கினார்கள். முருகையன் விரலை விடுவித்துக்கொண்டார். பத்தடி தள்ளி ரெங்கம்மாளின் பக்கத்தில் நின்ற தாய் "அம்மாகிட்ட வாடி" என்றாள். பிள்ளை ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடியும் வைத்தாள்.

தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று சத்தமில்லாமல் அழுது பழகியவள் அவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை நின்றாள். தடுமாறி, வாசல் ஓரத்தில் துவைக்கிற கல் இருந்த பக்கம் திரும்பினாள்.

ஓடப்போன பாக்யலட்சுமியின் மணிக்கட்டை ரெங்கம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஓடாத. சத்தமா அழு. நீ வாயப் பொத்திக்கிட்டா, நீ இருக்கறதே அவளுக்குத் தெரியாது."

பாக்யலட்சுமி வாய்விட்டு அழுதாள். "இங்கடி... அம்மா இங்க இருக்கேன்டி..."

பிள்ளை குரல் வந்த பக்கம் திரும்பினாள். விழுந்தாள். தானே எழுந்து வந்து தாயின் சேலையைப் பற்றிக்கொண்டாள். பாக்யலட்சுமி அவளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு முத்தமாகக் கொட்டினாள்.

பிள்ளை காலை உதைத்தாள்.

"எறக்கி வுடும்மா. அப்பாகிட்ட போறேன்."

பாக்யலட்சுமி இறக்கிவிட்டாள்.