தலைகீழாய் வைத்த பதினோரு பெட்டிகள்

அந்த மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் அவளை எல்லோரும் ஐஸ் அக்கா என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வருடமாகக் குளிர்பதன அறை அவள் பொறுப்பு. வெளியே வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டரோடுதான் நடமாடுவாள். முகமும் அந்த அறை மாதிரிதான் என்று பில் போடும் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். கணவன் இறந்த மறுமாதமே, நிறுவனத்தை நடத்தும் கொழுந்தன் வந்து, "வீட்ல உக்காந்து அழாதீங்க அண்ணி, ஆபீசுக்கு வாங்க" என்று அழைத்துப்போய்க் கொடுத்த இடம் அது. அதைத் தவிர அவளுக்கென்று உலகத்தில் வேறு இடம் கிடையாது.

அந்த இடத்தில்தான் இப்போது ஓரகத்தி கை வைத்தாள். கொழுந்தன் மனைவி படித்தவள். நிறுவனத்தையே கிளவுட் சாஃப்ட்வேருக்கு மாற்றுவது என்று முடிவு செய்தவளும் அவள்தான். எந்த மருந்து எங்கே எத்தனை இருக்கிறது என்பது இனி அவள் கைபேசியிலேயே தெரிந்துவிடும்.

"அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. மூணாவது தடவையா கேக்கறேன்."

"எல்லாத்தையும் குடுத்துட்டு நான் என்ன, வாசல்ல உக்காந்து ஈ ஓட்டவா?"

"ஓட்டுங்க. எத்தனை ஈன்னு அதையும் சாஃப்ட்வேர்ல ஏத்திடலாம்."

பில் போடும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐஸ் அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். எழுதித்தான் கொடுத்தாள். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டாள்.

போன மாதம் வேன் நடுவழியில் நின்று, பதினோரு பெட்டி இன்சுலின் வெயிலில் வெந்து திரும்பி வந்திருந்தது. அறையில் இருந்த நல்ல பெட்டிகளும் அதே பேட்ச். எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது. விற்கக்கூடாத பெட்டியைக் கவிழ்த்து வைப்பது அவள் வழக்கம்; அவளிடம் வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். அந்தப் பதினொன்றையும் அப்படித்தான் வைத்திருந்தாள்; அதைத்தான் எழுதவில்லை. 'கணக்கு இடிக்கட்டும், அப்ப எங்கிட்டதானே வரணும்' என்று கறுவிக்கொண்டாள்.

பல் பிடுங்கிக்கொள்ள ஒருநாள் லீவு போட்டாள். அன்றைக்கே ஓரகத்தி வெளியாட்களைக் கூட்டி வந்து ஸ்டாக் எடுத்துவிட்டாள். ஸ்கேன் செய்யும் ஸ்டிக்கர் பெட்டிகளின் மேல்மூடியில் இருந்தது. ஸ்கேன் செய்வதற்காகக் கவிழ்ந்திருந்ததை எல்லாம் நிமிர்த்தி, நல்லதோடு கலந்து அடுக்கிவிட்டார்கள்.

மறுநாள் அறைக்குள் நுழைந்தவள் முதலில் இன்சுலின் அடுக்கைத்தான் பார்த்தாள். பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோல நேராக நின்றன.

"ரெண்டே மணி நேரம். நீங்க இருந்திருந்தா ரெண்டு நாள் இழுத்திருப்பீங்க." ஓரகத்தி கைபேசியை நீட்டினாள். இன்சுலின், விற்பனைக்கு அறுபது. அதன் கீழே குழந்தைகள் மருத்துவமனையின் ஆர்டர், இருபது. அந்த இருபதை ஏற்றிய வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தால் இந்த அறை போய்விடும். திறக்காவிட்டால் பழி முழுக்க ஓரகத்தியின் சாஃப்ட்வேர் மேல். அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது. இனித்ததே என்று அவளுக்கே உடம்பு கூசியது.

"வேன நிறுத்துங்க!"

அவள் போட்ட கத்தலில் கொழுந்தன் ஓடி வந்தான். "என்ன அண்ணி?"

"அந்த அறுபதுல பதினொண்ணு வெந்துபோனது, தம்பி. எதுன்னு இப்ப எனக்கே தெரியாது. ஒண்ணு விடாம தூக்கிப் போடணும்."

"லிஸ்ட்ல ஏன் எழுதல?" என்றாள் ஓரகத்தி.

"நீ திண்டாடணும்னுதான் எழுதல."

பில் போடும் பெண்கள்கூடச் சிரிக்கவில்லை.

"மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாமே அண்ணி…" என்றான் கொழுந்தன். "நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேனே."

"எதுக்குச் சமாளிக்கணும்? குழந்தைங்க உசுரு அது. இவங்க இனிமே இங்க கால் வைக்கக்கூடாது" என்றாள் ஓரகத்தி.

அதில் நியாயம் இருந்தது. ஐஸ் அக்காவை அதுதான் அதிகமாகச் சுட்டது. கொழுந்தன் தடுப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐஸ் அக்கா ஓரகத்தி பக்கம் திரும்பினாள். "உங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் கிடைக்காது."

ஓரகத்தி சாஃப்ட்வேரில் அறுபது பெட்டிகளையும் முடக்கினாள். காரணம் என்ன என்று திரை கேட்டது. அவள் விரல் தயங்கியது.

"என்ன யோசிக்கற? என் பேரைப் போடு."

போட்டாள். ஐஸ் அக்கா படியிறங்கிப் போகும் வரை திரையிலிருந்து ஓரகத்தியின் தலை நிமிரவே இல்லை.