நெஸ்தோருக்குப் போட்ட மார்க்

எந்தக் கன்றுக்குட்டியைப் பார்க்கப் போனாலும் மோரிசெத் அதன் முகத்துப் பக்கமாகப் போய்த்தான் நிற்பாள். பிரான்சின் லிமூசன் மேட்டு நிலத்தில் மாடு வளர்க்கிற மற்றவர்கள் எல்லோரும் கம்பிக் கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கன்றைப் பின்னாலிருந்து பார்ப்பார்கள். தொடை எவ்வளவு உருண்டிருக்கிறது, இடுப்பு எவ்வளவு அகலம், அதுதான் பேச்சு. இவள் மட்டும் சேற்றைச் சுற்றிக்கொண்டு முன்னால் போவாள். தலையைப் பார்ப்பாள், இரண்டு தோள்களுக்கும் நடுவே உள்ள அகலத்தைப் பார்ப்பாள். சந்தையிலும் அப்படித்தான், பக்கத்துப் பண்ணைக்குக் காப்பி குடிக்கப் போனாலும் அப்படித்தான்.

"மோரிசெத் கன்னுக்கு வணக்கம் சொல்லப் போயிட்டா" என்று ஆண்கள் சிரிப்பார்கள்.

மிராபெல் செத்த பிறகு அந்தச் சிரிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. மிராபெல் அவளுடைய நல்ல பசு. பக்கத்துப் பண்ணை பூர்தெலாவின் காளைக்கு அதைச் சேர்த்தார்கள். கன்றாக இருந்தபோது தொடைக்காக அந்த வட்டாரத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கிய காளை அது. பிரசவத்தில் கன்றின் தோள் சிக்கிக்கொண்டது. மருத்துவர் வந்து விலாவைக் கிழித்துத்தான் வெளியே எடுத்தார். புண் சீழ் பிடித்து மிராபெல் செத்தது. புட்டிப்பால் குடித்து வளர்ந்த அந்தக் கன்றை இலையுதிர் காலத்தில் மார்க் போட வந்த ஃபோஷே, "ஆகா, என்ன தொடை!" என்று சொல்லி எழுபத்தெட்டு போட்டார். தாய் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

ஃபோஷே மாடு வளர்ப்போர் சங்கத்தின் ஆள். பால்குடி மறக்கிற பருவத்தில் ஒவ்வொரு பண்ணையாக வந்து, கன்றுகளின் உடற்கட்டுக்கும் வளர்ச்சிக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று போடுவது அவர் வேலை. மேலே வந்த ஆண்கன்றுகள் இளங்காளை நிலையத்துக்குப் போய் நாளைக்கு இனக்காளைகளாகும். மற்றவை லாரி ஏறி இத்தாலிக்குப் போகும், கொழுக்க வைத்து அறுக்க.

அந்த வருஷம் அவளிடம் நெஸ்தோர் என்ற ஆண்கன்று இருந்தது. அதன் தாய்க்கு வேறு வட்டாரத்துக் காளை ஒன்றின் உறைவிந்தை அவளே தேடி வரவழைத்துச் சினை ஊசி போட வைத்தாள். மேய்ச்சலில், யாரும் பக்கத்தில் இல்லாமல், நெஸ்தோர் தானாகப் பிறந்தது. காலையில் அவள் போய்ப் பார்த்தபோது உடம்பு காய்ந்து, எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. ஒடுங்கிய தோள், மெல்லிய எலும்பு, நீண்ட முதுகு. தாய்ப்பாலையும் புல்லையும் தவிர எதுவும் தின்னாமல் மாதாமாதம் சீராக வளர்ந்தது. இது நிலையத்துக்குப் போனால் நாலு பண்ணையிலாவது பசுக்கள் கிழிபடாமல் பிழைக்கும் என்று அவள் நினைத்தாள்.

ஃபோஷே வருகிற வாரம் அவள் தூல் நகரத்தில் தங்கையின் வீட்டில் இருந்தாள். அவர் வரும் நாள் காலையில் திரும்பி வந்து கொட்டகைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கன்றுகளைத் தாய்களிடமிருந்து பிரித்துத் தனியாக அடைத்திருந்தது.

"எமே! யாரு பிரிச்சது?"

"நான்தான்" என்றான் அவள் புருஷன். "இந்த வருஷம் ஃபோஷேவுக்கு நம்ம வீட்ல சாப்பாடு. மார்க் போட இன்னிக்குப் பிரிச்சா மாடு கத்துற கத்துல மனுஷனுக்குச் சோறு இறங்குமா? அதான் முன்னாடியே பிரிச்சேன். இப்ப கத்தி ஓஞ்சிடுச்சு பாரு."

"கத்தி ஓஞ்சிடுச்சா? அதுங்க வயிறும் ஓஞ்சிடுச்சு! விலாப் பக்கம் குழி விழுந்து கெடக்கு, கண்ணு தெரியலையா உனக்கு? பட்டினி கெடந்த கன்னைக் காட்டி மார்க் கேக்கப் போறியா?"

எமே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

ஃபோஷே பூர்தெலாவின் பண்ணையை முடித்துக்கொண்டு அவனோடேயே வந்தார். பூர்தெலா கதவில் சாய்ந்து, நெஸ்தோரைப் பார்த்து, "இது காளைக்கன்னா, வேட்டைநாயா மோரிசெத்?" என்றான்.

"உன் கன்னுங்க தீவனத் தொட்டியில தலையை விட்டா சாயங்காலந்தான் எடுக்குது. அதுக்குப் பேரு வளர்ச்சியா?"

ஃபோஷே கொஞ்ச நேரம் பார்த்தார். "முதுகு நீளம் நல்லாருக்கு. எலும்பு மெல்லிசு. தொடை... ஐம்பத்திரண்டு."

மார்க் சொன்னால் நன்றி சொல்லி, கை குலுக்கி, ஆளுக்கொரு கோப்பை ஒயின் ஊற்றுவதுதான் அந்த ஊர் வழக்கம். கதவடியில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

"திரும்பப் பாருங்க" என்றாள் மோரிசெத்.

எமே தன் பூட்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லாருக்கும் இதே கண்ணுதாம்மா" என்றார் ஃபோஷே.

"இல்ல. காலைல பூரா கொழுத்த கன்னைப் பார்த்துட்டு வந்த கண்ணு இது. அதுங்களோட வாலடியில கை வச்சுப் பார்த்தீங்களா? அங்க இருக்கறது கறி இல்ல, கொழுப்பு."

"தொடற வழக்கம் இல்லம்மா. இன்னிக்கு எப்படி நிக்குதோ அதைத்தான் நான் போட முடியும்."

"மிராபெல் கன்னுக்கு எழுபத்தெட்டு போட்டீங்களே. அந்த எழுபத்தெட்டை வெளிய எடுக்கத்தான் அவ விலாவைக் கிழிச்சாங்க. அவளுக்கு எவ்வளவு மார்க்?"

ஃபோஷே தணிந்த குரலில், "எனக்குத் தெரியாம இல்ல. ஆனா வாங்க வர்றவன் தொடையைத்தான் கேக்கறான்" என்றார்.

"அவன் கேட்டுட்டுப் போறான். அவனா ராத்திரி கொட்டாய்ல கன்னு காலுல கயிறு கட்டி வெளிய இழுக்கறான்?"

"சரி விடும்மா, உருளைக்கிழங்குப் பலகாரம் ஆறிடும்" என்றான் பூர்தெலா.

ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டாகவே இருந்தது. அவள் மாவில் பொதிந்து சுட்ட அந்தப் பலகாரத்தை அடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள், க்ரீமை ஊற்றினாள், உட்காரவில்லை. கொட்டகைக்குப் போய்த் தட்டியைத் திறந்துவிட்டாள். கன்றுகள் தாய்களிடம் ஓடின. பிரித்த கன்றை மறுபடி சேர்ப்பவள் பைத்தியக்காரி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும் என்று இருந்தாள்.

அடுத்த வாரம் வந்த லாரியில் மற்ற ஆண்கன்றுகள் ஏறின. எமே நெஸ்தோருக்கும் கயிறு கொண்டுவந்தான்.

"அதுக்கு நிலையத்துல இடமில்ல, மோரிசெத். வேற என்ன பண்ணப் போற?"

"எங்கிட்ட இடம் இருக்கு" என்று கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். ஃபோஷேவுக்குத் தொலைபேசியில், இனி எங்கள் பண்ணைக்கு வர வேண்டாம் என்று சொன்னாள்.

நெஸ்தோர் இப்போது அவளுடைய பசுக்களோடு மேய்கிறது. அதன் கன்றுகள் பிறக்க இதுவரை மருத்துவரைக் கூப்பிடவில்லை. மார்க் இல்லாத கன்றுகள் என்பதால் லாரிக்காரன் பூர்தெலாவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறான், எமே அதை ஒவ்வொரு வருஷமும் சொல்லிக் காட்டுகிறான். நெஸ்தோருக்கு ஐம்பத்திரண்டு விழுந்த அந்த வருஷம் நிலையத்துக்குப் போன பூர்தெலாவின் கன்று இனக்காளையாகிவிட்டது. அதன் விந்து மாவட்டம் முழுக்க விற்பனையாகிறது.