வெள்ளைக்காரருக்கு நான் சொல்லிக் கொடுத்த தமிழ்

எண்பதுகளின் நடுவில், மூன்று மாதம் நான் ஒரு வெள்ளைக்காரருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அவரைப் போல நல்ல மாணவர் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

அப்போது கிள்ளானில் ஒரு தமிழ்ப் பள்ளியில் எனக்கு வேலை, வீடு பிரிக்பீல்ட்ஸில். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து இங்கே ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர். அப்பாவும் ரயில்வேயிலேயே இருந்து ஓய்வு பெற்றார். அம்மாவின் தம்பி குடும்பம் மட்டும் யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டது. மாமாவின் மகனுக்கு என் வயது. அங்கே சண்டை முற்றியதிலிருந்து, கடிதம் இரண்டு வாரம் பிந்தினாலே அம்மாவுக்குச் சோறு இறங்காது.

வெள்ளைக்காரர் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வருவார். அவரைக் கொண்டுவந்து விட்ட டாக்சிக்காரர் முதல் நாளே என் காதில் போட்டார்: "டீச்சர், இவரு சும்மா ஆளு இல்ல லா. காட்டுல சோல்ஜருங்களுக்கு டிரெய்னிங் குடுத்தவரு."

நான் நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. முன்பு ஒரு சிறப்புப் படையில் இருந்ததாகவும், இப்போது பிற நாட்டுப் படைகளுக்குப் பயிற்சி கொடுப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். "நான் சண்டைக்குப் போவதில்லை. உங்களைப் போல நானும் வாத்தியார்தான்." அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். தமிழ் எதற்கு என்றதற்கு, போகிற இடத்தில் உதவும் என்றார். எந்த இடம் என்று நாங்கள் கேட்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய பரம்பரை எங்களுடையது.

எழுத்து அவருக்கு வேண்டாம். ஆங்கிலத்தில் வாக்கியங்களை எழுதிக்கொண்டு வருவார். நான் தமிழில் சொல்ல, மேசையில் கேசட் ஓடும். வீட்டில் எத்தனை பேர்? நேற்று யார் வந்தது? எந்தப் பக்கம் போனார்? என் கவலையெல்லாம் அவருடைய ழகரத்தைப் பற்றியதாக இருந்தது.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "பிள்ளை, உந்தப் புத்தகத் தமிழை விடு. எங்கட தமிழைச் சொல்லிக் குடு. நல்லாய்ப் படிக்கட்டும் மனுசன்." நம் தமிழே சுத்தத் தமிழ் என்ற பெருமை எங்கள் ஆட்களின் உச்சியைக் குளிர வைக்கும் சங்கதி. எனக்கும் குளிர்ந்தது. எல்லா வாக்கியத்தையும் யாழ்ப்பாணப் பேச்சில் மாற்றிக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர், உங்கள் ஊரில் வீட்டுக்கு வருகிறவர் கதவைத் தட்டுவாரா என்று கேட்டார். அப்பா எழுந்து எங்கள் இரும்புக் கேட்டுக்கு வெளியே போனார். "தட்டுறதில்லை. படலைக்கு வெளியிலை நிண்டு கூப்பிடவேணும்" என்றார். படலை என்பது அங்கே வேலியில் இருக்கும் வாசல். பிறகு குரலை இழுத்து, "வீட்டுக்காரர்... வீட்டுக்காரர்..." என்று கூப்பிட்டுக் காட்டினார். இப்படிக் கூப்பிட்டால் நம்முடைய ஆள் என்று உள்ளே இருப்பவர்கள் பயமில்லாமல் வருவார்கள் என்றும் விளக்கினார். வெள்ளைக்காரர் அதை மூன்று முறை பதிவு செய்தார். தன் மாணவர்களுக்குப் பயன்படும் என்றார்.

அடுத்த வாரத் தாளில் மூன்றே வாக்கியங்கள். கையைத் தூக்கு. முழங்காலில் நில். உன் மகன் எங்கே?

எந்த நாடு என்று அப்போதுதான் கேட்டேன். தேநீரோடு வந்த அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, சொல்ல அனுமதி இல்லை என்றார். இனி வகுப்பு இல்லை, கேசட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். போன வாரமே அனுப்பிவிட்டதாக அவர் மரியாதையாகச் சொன்னார். போகும்போது அம்மாவைக் கும்பிட்டு, "போயிட்டு வாறன், அம்மா" என்றார், பிசிறில்லாமல். நல்ல மனுசன் என்றார் அம்மா.

அப்பாவிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். "தமிழ் பேசுற இடம் எங்கட ஊர் மட்டுமே?" என்று சீறினார். ஆனால் அம்மாவுக்குச் சொல்லாதே என்றும் அவர்தான் சொன்னார்.

ஆறேழு மாதம் கழித்து மாமாவின் கடிதம் வந்தது. பொழுதுபட்ட நேரம் யாரோ படலையில் நின்று கூப்பிட்டார்களாம். "எங்கட ஆக்கள் மாதிரியே கூப்பிட்டாங்கள். மகன் விளக்கோடை போனான்." போனவன் திரும்பவில்லை. மாமா ராணுவ முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்தார்.

அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் கேசட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வாயால் கெட்டது நாங்கள் இல்லை.

அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். அம்மா விமானக் கடிதத் தாளை என் முன்னால் வைத்தார். "கூப்பிட்டது எப்பிடிப்பட்ட குரல், ஆரின்ரை குரல் மாதிரி இருந்தது எண்டு கேட்டு எழுது, பிள்ளை."

இரண்டு பக்கம் எழுதினேன். சுகம் விசாரித்தேன், ஆறுதல் சொன்னேன். அதைக் கேட்டாயா என்றார் அம்மா. கேட்டேன் என்று சொல்லி ஒட்டினேன். நான் கேட்காத அந்தக் கேள்விக்குப் பதில் வருமென்று அம்மா சாகும்வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.